சடங்குப் பொருள்களும் பொதுப்பொறுப்பும்: இடைக்கால வாழ்வை மீள்நிகழ்த்தும் குழுக்களை முன்வைத்து

முன்னுரை

நிகழ்த்துகலை பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் பனுவல், நிகழ்த்துநர், பார்வையாளர் என்னும் மூன்றனையும் மையமாகக் கொண்டு அமைகின்றன. நிகழ்வு முடிந்தபின் மணிமுடி எங்கே வைக்கப்படுகிறது, அதனைக் காப்பவர் யார், அடுத்த ஆண்டு அது யாரிடம் எவ்வாறு ஒப்படைக்கப்படுகிறது என்னும் வினாக்கள் மிகுதியும் எழுப்பப்படுவதில்லை. நிகழ்வு ஒரு நாளிலோ ஒரு வாரத்திலோ முடிந்துவிடுகிறது. பொருளோ ஆண்டு முழுவதும் ஓரிடத்தில் இருந்தாக வேண்டும். நனையாமலும் களவு போகாமலும் அது காக்கப்பட வேண்டும். இக்காப்புப் பணி தவறுமாயின் அடுத்த நிகழ்வு நடைபெறுவது அரிதாகும்.

ஐரோப்பிய இடைக்கால வாழ்வை இன்று மீள்நிகழ்த்தும் குழுக்கள் இவ்வினாவை ஆராய்வதற்கு ஏற்ற களமாகும். முடி, அரியணை, கொடி, கூடாரம், உடை ஆகியன இன்றி இக்குழுக்கள் இயங்க இயலாது. இவற்றுள் பலவும் எவர் ஒருவருக்கும் உரியன அல்ல. குழு முழுமைக்கும் உரியன. அமெரிக்காவில் தோன்றிய ஒரு சங்கத்தின் நடைமுறையையும், இக்குழுக்கள் தமக்கு முன்மாதிரியாகக் கொள்ளும் இடைக்காலத்திலேயே வாழ்ந்த இரு நகர வணிகக் குழுக்களின் பதிவுகளையும் அருகருகே வைத்து, பொதுப்பொருளைக் காப்பதில் நிலைத்த கூறுகள் எவை என்பதனை இக்கட்டுரை ஆராய்கிறது.

பெர்க்லி நகரத் தோட்டத்திலிருந்து

1966ஆம் ஆண்டு மே 1ஆம் நாள் கலிபோர்னியாவின் பெர்க்லி நகரில், டயானா பாக்ஸன் என்பாரது வீட்டின் பின்புறத் தோட்டத்தில் நண்பர்கள் சிலர் கூடினர். இடைக்கால உடை அணிந்து, வீரர்களின் போட்டி ஒன்றை நிகழ்த்தினர். ஒருநாள் விருந்தாகத் தொடங்கிய இந்நிகழ்ச்சி பலரும் விரும்பியதால் தொடர்ந்தது. பொதுப் பூங்கா ஒன்றைப் பயன்படுத்த இசைவு கேட்டபோது குழுவுக்கு ஒரு பெயர் வேண்டியிருந்தது. 'சொசைட்டி ஃபார் கிரியேட்டிவ் அனாக்ரானிசம்' என்னும் பெயரை எழுத்தாளர் மரியன் சிம்மர் பிராட்லி சூட்டினார். படைப்புநோக்கோடு காலமுரணைப் பேணுவோர் சங்கம் என அதனைத் தமிழில் விளக்கலாம். 1968இல் இச்சங்கம் கலிபோர்னியாவில் இலாப நோக்கற்ற நிறுவனமாகப் பதிவு செய்யப்பெற்றது. பின்னர் அமெரிக்காவின் பிற பகுதிகளிலும் கனடா, ஐரோப்பா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகியவற்றிலும் பரவி, 2015இல் இருபது 'அரசு'களாக விரிந்தது.

ஒவ்வோர் அரசுக்கும் ஓர் அரசரும் அரசியும் உளர். அரசுரிமை பிறப்பால் வருவதன்று. பிரம்பால் செய்த ஆயுதங்களைக் கொண்டு நடைபெறும் போட்டியில் வெல்பவர் தமக்கும் தம் இணையருக்கும் முடியை ஈட்டுகிறார். பெரும்பாலான அரசுகளில் ஆட்சிக்காலம் ஆறு திங்கள். சிலவற்றில் நான்கு திங்கள் மட்டுமே. ஆறு திங்கள் என்று கொண்டாலும் ஆண்டுக்கு இருவர் வீதம் ஐம்பது ஆண்டுகளில் நூறு ஆட்சிகள் வந்துசெல்லும். அரசர் விரைந்து மாறும் இவ்வமைப்பில் மாறாது நிற்பது முடியே. ஆகவே சங்கத்தின் வரலாற்றை அரசர்களின் வரிசையாக எழுதுவதனைப் போலவே பொருள்களின் கைமாற்ற வரிசையாகவும் எழுத இயலும்.

ஒருநாள் வேந்தர்கள்: எக்ளிண்டன் போட்டி

பொதுப்பொருள் என்னும் கருத்து மீள்நிகழ்த்தலுடன் இயல்பாகவே பிறந்ததன்று என்பதற்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டு நிகழ்ச்சி ஒன்று சான்றாகிறது. 1839ஆம் ஆண்டு ஆகஸ்ட் 28ஆம் நாள் ஸ்காட்லாந்தின் அயர்ஷயர் பகுதியில் பதின்மூன்றாம் எக்ளிண்டன் பிரபு ஆர்ச்சிபால்ட் மாண்ட்கோமரி தம் கோட்டையில் இடைக்கால வீரர் போட்டி ஒன்றை நடத்தினார். அதனைக் காண ஏறத்தாழ ஒரு லட்சம் மக்கள் திரண்டனர் என்பர். கவசங்களை லண்டன் வணிகர் சாமுவேல் பிராட் திரட்டித் தந்தார். பங்கேற்ற உயர்குடியினர் தத்தம் கவசத்திற்கும் குதிரை அணிகளுக்கும் தாமே பொருள் செலவிட்டனர். முதல் நாளே பெருமழை பெய்து விழாவைக் குலைத்தது.

எக்ளிண்டன் போட்டியின் தோல்விக்கு மழையே காரணமாகச் சொல்லப்படுவது வழக்கம். ஆயினும் அவ்விழா ஒரு மரபாகத் தொடராமைக்குப் பிறிதொரு காரணமும் உண்டு. அங்கே இருந்தவை அனைத்தும் தனியுடைமைகள். வீரர் வீடு திரும்பியபோது கவசமும் அவருடன் திரும்பியது. பொருளைத் தொடர்ந்து காக்க ஒரு குழுவும் இல்லை. ஒப்படைக்க ஒரு வாரிசு அமைப்பும் இல்லை. செல்வம் மிகுந்திருந்தது, பொதுச்செல்வம் இல்லை. மழை ஒரு நாளைக் கெடுத்தது. பொதுப்பொருள் இன்மை அடுத்த ஆண்டையே இல்லாமற் செய்தது எனலாம்.

யார்க் நகரம்: வாடகைக் கணக்கில் தொடங்கும் நாடக வரலாறு

பொதுப்பொருளை வைத்துக்கொண்டு ஆண்டுதோறும் நிகழ்த்திய குழுக்கள் உண்மையான இடைக்காலத்தில் இருந்தன. அவை அரசவை சார்ந்தவை அல்ல. நகரத்துத் தொழிற்குழுக்களும் வணிகக் குழுக்களும் ஆகும். வட இங்கிலாந்தின் யார்க் நகரில் நற்கருணைப் பெருவிழாவின்போது, உலகப் படைப்பு முதல் இறுதித் தீர்ப்பு வரையிலான விவிலியக் கதை ஒரே நாளில் தொடர் நாடகங்களாக நிகழ்த்தப்பட்டது. ஒவ்வொரு நாடகத்தையும் ஒவ்வொரு குழு ஏற்றது. சக்கரம் பூண்ட மேடைத்தேர் ஒன்றைத் தெருவழியே இழுத்துச் சென்று, குறித்த இடங்களில் நிறுத்தி நடித்தனர். நடித்தோர் அரசரும் தூதரும் அலகைகளுமாக ஒரு நாள் வேடம் புனைந்த நகரத்தாரே ஆவர். இவ்வகையில் இன்றைய மீள்நிகழ்த்துக் குழுக்களுக்கு இவர்களே நெருங்கிய முன்னோர் எனத் தகும்.

யார்க் நாடகங்கள் பற்றிக் கிடைக்கும் மிகப் பழைய குறிப்பு 1376ஆம் ஆண்டைச் சார்ந்தது. அது நாடகப் பனுவலும் அன்று. நடிகர் பெயரும் அன்று. மூன்று மேடைத்தேர்களை நிறுத்தி வைத்த ஒரு கட்டடத்திற்கு ஆண்டு வாடகை 2 ஷில்லிங் என்பதே அக்குறிப்பு. இன்று பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ள நாடகப் பதிவேடு 1463க்கும் 1477க்கும் இடையில் எழுதப்பட்டதாகக் கருதப்படுகிறது. எனவே பனுவல் ஏட்டில் ஏறுவதற்கு எண்பத்தேழு ஆண்டுகளுக்குக் குறையாமல் முன்னரே பொருளின் இருப்பிடம் கணக்கில் ஏறியுள்ளது. நாடகத்தை எழுதி வைக்காமலும் நடிக்க இயலும். தேரை நிறுத்த இடமின்றி நடிக்க இயலாது என்பதனை இவ்வரிசை உணர்த்துகிறது.

1433ஆம் ஆண்டின் பட்டியல்

தொடரின் இறுதி நாடகமாகிய இறுதித் தீர்ப்பினை நடத்தும் பொறுப்பு யார்க் துணிவணிகர் குழுவிடம் இருந்தது. நகரின் செல்வ வளம் மிக்க குழுக்களுள் ஒன்று இது. 1357க்கும் 1361க்கும் இடையில் இக்குழுவினர் எழுப்பிய மாளிகை ஃபாஸ்கேட் தெருவில் இன்றும் நிலைபெற்றுள்ளது. இக்குழுவின் ஆவணங்களிலிருந்து 1433ஆம் ஆண்டுப் பொருட்பட்டியல் ஒன்றை அலெக்ஸாண்ட்ரா ஜான்ஸ்டன், மார்கரெட் டோரல் ஆகிய ஆய்வாளர்கள் 1971இல் வெளியிட்டனர். இடைக்கால ஆங்கில நாடகம் எளிய மரமேடையில் எளிய முறையில் நடந்தது என்னும் பழைய கருத்தை இப்பட்டியல் பெரிதும் மாற்றியது.

பட்டியலில் காணப்படும் பொருள்களுள் முதன்மையானவற்றைப் பின்வருமாறு வகைப்படுத்தலாம்.

அ. மேடை: நான்கு சக்கரங்கள் கொண்ட தேர், நரக வாய், வானத்தைத் தாங்கும் நான்கு இரும்புத் தூண்கள், இரும்பால் ஆன வானம், மரத்தில் செய்த வானவில் துண்டுகள், சிவப்பு, நீல மேகங்கள், பொன் விண்மீன்கள், தேரின் பின்புறத்தை மறைக்கும் வண்ணம் தீட்டிய பெரிய சிவப்புத் திரை.

ஆ. வேடம்: மூன்று அலகைகளுக்கான உடைகள்; அலகை முகங்கள் ஆறினைக் கொண்ட மூன்று முகமூடிகள்; தீய ஆன்மாக்கள் இருவர்க்கும் நல்ல ஆன்மாக்கள் இருவர்க்கும் உடை, முகமூடி, பொய்மயிர்; திருத்தூதர்களுக்கான ஒளிவட்டங்கள்; தேவதூதர் சிறகுகள்; இறைவன் வேடத்திற்குக் காயங்கள் காட்டப்பட்ட சட்டை, ஒளிவட்டம், பொன்முலாம் பூசிய முகமூடி.

இ. பொறி: இறைவன் அமர்ந்து வானுக்கு ஏறுவதற்கான இரும்பு இருக்கையும் அதன் நான்கு மூலைகளுக்கும் நான்கு கயிறுகளும், வானில் ஓடித் திரியுமாறு சிவப்பு வண்ணம் பூசிய ஒன்பது சிறு தேவதூதர் உருவங்கள், அவ்வுருவங்களை ஓடச் செய்யும் நீண்ட மெல்லிய கயிறு.

இப்பட்டியலில் மூன்று செய்திகள் கருதத்தக்கன. முதலாவது, பொருள்கள் ஆளின் பெயரால் குறிக்கப்படவில்லை. வேடத்தின் பெயரால் குறிக்கப்பட்டுள்ளன. சட்டை இன்னார் சட்டை எனப்படவில்லை. இறைவன் வேடத்துக்குரிய சட்டை எனப்பட்டது. நடிப்பவர் ஆண்டுதோறும் மாறலாம். உடை வேடத்துடனேயே நிற்கும். இரண்டாவது, விலையுயர்ந்த பொன்முகமூடியும் மெல்லிய கயிறும் ஒரே பட்டியலில் இடம்பெற்றுள்ளன. கயிறு விலையற்றதாகத் தோன்றினும் அதுவின்றி ஒன்பது தேவதூதரும் அசையார். பட்டியலிட்டவர் பொருளின் விலையை மட்டும் நோக்கவில்லை. அதன் செயலையும் நோக்கினார் என்பது இதனால் புலனாகும். மூன்றாவது, எண்ணிக்கை தவறாமல் தரப்பட்டுள்ளது. ஆறு முகங்கள் மூன்று முகமூடிகளில் அடங்கும் என்பது போன்ற நுட்பம், பொருளைக் கையில் எடுத்து எண்ணிய ஒருவரின் பார்வையைக் காட்டுகிறது.

பற்போல் வெட்டிய ஆவணம்

இப்பட்டியல் தனித்த குறிப்பாக எழுதப்படவில்லை. ஒப்பந்தத்தின் பகுதியாக எழுதப்பட்டது. ஒருபுறம் குழுவின் தலைவர் ரிச்சர்ட் லவுத்தும் அவருடைய துணை அலுவலர் இருவரும். மறுபுறம் அவ்வாண்டின் தேர்ப்பொறுப்பாளர் நால்வர். இவ்வகை ஆவணத்திற்கு 'இண்டென்ச்சர்' என்று பெயர். ஒரே தோலில் ஒரே செய்தியை இருமுறை எழுதி, இடையில் பற்கள் போன்று வளைந்து செல்லுமாறு வெட்டி, இரு தரப்பாரும் ஆளுக்கொரு பாதியை வைத்துக்கொள்வர். ஐயம் எழும்போது இரு பாதிகளையும் பொருத்திப் பார்ப்பர். பல் எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லே இப்பெயருக்கு மூலம். தரப்பட்ட பொருள்களைத் தேர்ப்பொறுப்பாளர் அடுத்து வரும் பொறுப்பாளரிடம் ஒப்படைத்தல் வேண்டும். அவர் அவருக்கு அடுத்தவரிடம் ஒப்படைத்தல் வேண்டும் என்னும் தொடர்கடமை இதன் உட்கருத்து.

பொறுப்பாளர் ஒருவர் அல்லர், நால்வர் என்பதும் நோக்கத்தக்கது. ஒருவர் மட்டுமே காப்பாளராயின் அவருடைய இறப்போ வறுமையோ மனமாற்றமோ குழுவின் பொருளைப் பாதிக்கும். நால்வராயின் ஒருவர்க்கு ஒருவர் சான்றாவர். மேலும், குழுவினர் ஒவ்வொருவரும் தேருக்கென ஆண்டுதோறும் ஒரு சிறு தொகை செலுத்தினர். அதனைத் 'தேர்வெள்ளி' எனக் குறிக்கலாம். அதனைத் திரட்டும் பணியும் தேர்ப்பொறுப்பாளரைச் சார்ந்தது. பொருள் பொதுவாயின் அதன் செலவும் பொதுவாதல் வேண்டும் என்னும் நெறி இதனுள் அமைந்துள்ளது. இந்நாடகங்கள் சமய மாற்றத்தின் விளைவாக 1569ஆம் ஆண்டோடு நின்றன. அதுவரை ஏறத்தாழ இரு நூற்றாண்டுகள் தேர்கள் உருண்டன. இடையில் பழைய தேர்கள் பழுதுற்றுப் புதியன செய்யப்பட்டன. பொருள் அழிந்தபோதும் பொறுப்பு அழியாது கைமாறியது.

நாரிச் நகரம்: தெருவில் நின்ற தேர்

இந்நெறி தளர்ந்தால் நேர்வது யாது என்பதற்கு நாரிச் நகர மளிகை வணிகர் குழுவின் பதிவுகள் சான்றாகின்றன. ஏதேன் தோட்டத்தில் ஆதாமும் ஏவாளும் வாழ்ந்ததும் வீழ்ந்ததும் இக்குழுவின் நாடகம். 1565ஆம் ஆண்டில் எழுதிய பொருட்பட்டியலில் நான்கு சக்கர வண்டிமேல் மரப்பலகையால் கட்டி வண்ணம் தீட்டிய தேர், ஆதாமுக்கும் ஏவாளுக்கும் சாயமிட்ட உடைகள், பாம்பு வேடத்திற்கு வாலுடன் கூடிய உடை, தந்தையாம் இறைவனுக்கு முகமூடியும் முடியும், தேரைச் சுற்றிக் கட்டும் ஓவியத் துணிகள், குதிரைகளுக்கான குஞ்சம் வைத்த துணிகள் முதலியன இடம்பெறுகின்றன. பட்டியல் யார்க் பட்டியலுக்குக் குறைந்ததன்று. பொருளும் இருந்தது; எழுத்தும் இருந்தது.

ஆயினும் சில ஆண்டுகள் குழு கூடவில்லை. அக்காலத்தில் தேர் சாதர்டன் என்பாரது வாயில்மனையில் ஆறாண்டுகள் நின்றது. வாடகை வளர்ந்து 20 ஷில்லிங் ஆயிற்று. அதனைச் செலுத்தக் குழுவின் அலுவலர் முன்வரவில்லை. எனவே தேர் வெளியே தள்ளப்பட்டு, பிளாக்ஃபிரையர்ஸ் பாலத்தருகே திறந்த தெருவில் நின்றது. வெயிலிலும் மழையிலும் அதன் பெரும்பகுதி உளுத்தது. 1570ஆம் ஆண்டு நகரத்தலைவர் அதனை 20 ஷில்லிங்குக்குக் குழுவினரிடமே விற்க முன்வந்தார். வாங்குவார் எவரும் இல்லை. இன்று ஒரு துண்டும் நாளை ஒரு துண்டுமாகப் பிறர் பெயர்த்துச் சென்றனர். இறுதியில் வாடகைக் கடனுக்கு ஈடாக நிக்கலஸ் சாதர்டன் அதனைப் பிரித்து எடுத்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்ளப்பட்டார். அவ்வாறே அது பிரிக்கப்பட்டது.

சமயச் சூழல் மாறிய காலம் அது என்பதும், நாடகங்கள் மீது அதிகாரத்தின் பார்வை கடுமையாகிக் கொண்டிருந்தது என்பதும் மறுக்க இயலாதன. குழு கூடாமைக்கு அவையும் காரணமாகலாம். எனினும் தேரை அழித்தது ஆணையும் அன்று, தீயும் அன்று. செலுத்தப்படாத வாடகையே அதனை அழித்தது. எல்லார்க்கும் உரிய பொருளின் வாடகை எவர்க்கும் உரியதாகாது நின்றது. தேர் தெருவில் நின்ற நாள்களில் குழுவினர் அதனைக் கடந்தே சென்றிருப்பர். பொதுப்பொருள் கேட்பாரற்ற பொருளாக மாறும் நிலையை இப்பதிவு தெளிவாகக் காட்டுகிறது.

யார்க்கின் முதற்குறிப்பும் நாரிச்சின் இறுதிக்குறிப்பும் ஒரே பொருளைப் பேசுவது எண்ணத்தக்கது. முன்னது செலுத்திய 2 ஷில்லிங் வாடகை. பின்னது செலுத்தாத 20 ஷில்லிங் வாடகை.

இன்றைய சங்கத்தின் நடைமுறை

அமெரிக்கச் சங்கத்தின் பொருள்களை அவற்றின் இயல்பு நோக்கி நான்காகப் பகுக்கலாம்.

முதல்வகை, முடி, அரியணை, அரசவாள், கொடி போன்ற அடையாளப் பொருள்கள். இவை ஆட்சியில் இருப்பவரிடம் பயன்பாட்டுக்காக மட்டும் தரப்படுகின்றன. அரசர் இவற்றின் உரிமையாளர் அல்லர்; குறித்த காலத்திற்கு இரவல் பெற்றவர். முடிசூட்டு விழாவில் மண்டியிட்டு வணங்கப்பெறும் ஒருவர், பட்டியலின் முன் பொருளை ஒப்படைக்கக் கடமைப்பட்டவராகவும் இருக்கிறார். வீரப்பட்டம் பெற்றவர் அணியும் வெள்ளைக் கச்சை போன்றவை தனிப்பட்டவரின் சிறப்பைக் காட்டுவன. முடியோ பதவியைக் காட்டுவது. இவ்விரண்டினையும் பிரித்தறிதல் இச்சங்கத்தில் அடிப்படையாகும்.

இரண்டாம் வகை, இரவல் உடைகள். பதினேழாம் நூற்றாண்டுக்கு முற்பட்ட உடையை அணிய முயன்றேனும் வருதல் வேண்டும் என்பது சங்கத்தின் விதி. புதிதாக வருபவரிடம் அத்தகைய உடை இராது. அவர்க்கு உதவப் பொது உடைத்தொகுப்பு ஒன்று வைத்திருப்பர். அதற்குப் பொற்சாவி எனப் பொருள்படும் 'கோல்டு கீ' என்பது பெயர். புதியோரை வரவேற்கும் அலுவலரிடம் இத்தொகுப்பு இருப்பது வழக்கம். முடி ஒருவருக்கே உரியது. இவ்வுடையோ யார் வேண்டுமாயினும் பெறத்தக்கது. எனவே அழுக்காதலும் கிழிதலும் திரும்பி வாராமையும் இவ்வகைக்கே மிகுதி. ஆயினும் சங்கத்திற்குள் நுழையும் முதல் வாயில் இதுவே. முடி காணாமற் போனால் ஒரு விழா தடைப்படும். இரவல் உடை இல்லாமற் போனால் புதியோர் வருகை தடைப்படும்.

மூன்றாம் வகை, கூடாரம், சமையற்கலம், போட்டிக்களத்தின் வேலிக்கயிறு முதலிய பயன்பாட்டுப் பொருள்கள். யார்க் பட்டியலின் மெல்லிய கயிறு இவ்வகையைச் சார்ந்தது. நான்காம் வகை, அரசர் பரிசளிக்கும் பதக்கங்களும் அவை போன்றனவும். இவை தொகுப்பிலிருந்து வெளியேறுவதற்கென்றே செய்யப்படுவன. திரும்ப வேண்டுவனவும் திரும்ப வேண்டாதனவும் ஒரே பெட்டியில் கிடக்குமாயின் கணக்கு குழம்பும். ஆகவே வகைபிரித்தலே காப்பின் முதற்படி எனலாம்.

நிருவாக முறையில் பல பதவிப்பெயர்கள் இடைக்கால அரண்மனையிலிருந்து பெறப்பட்டுள்ளன. கணக்காளர் 'எக்ஸ்செக்கர்' எனப்படுவார். பொருட்காப்பாளர் சில கிளைகளில் 'சேம்பர்லின்' எனப்படுவார். பெயர் பழையதாயினும் கடமை இக்காலச் சட்டத்தைச் சார்ந்தது. அமெரிக்கக் கிளைகளின் பொதுப்பொருள் பதிவுபெற்ற நிறுவனத்தின் உடைமையாகும். இலாப நோக்கற்ற அமைப்பின் உடைமை உறுப்பினர் எவருடைய தனிச்செல்வமாகவும் மாறுதல் கூடாது என்பது அந்நாட்டுச் சட்டம். வங்கிக் கணக்கில் இருவர் கையொப்பம் வேண்டும். யார்க்கின் நான்கு பொறுப்பாளருக்குப் பின்னிருந்த அதே எண்ணத்தை இங்கும் காணலாம். அலுவலர் ஆண்டு இறுதியில் அளிக்கும் அறிக்கைக்கு 'டூம்ஸ்டே அறிக்கை' என்று பெயர் வழங்குகிறது. 1086ஆம் ஆண்டில் வேந்தர் முதலாம் வில்லியம் இங்கிலாந்தின் நிலவுடைமைகளை எண்ணி எழுதுவித்த ஏட்டின் பெயர் அது. எவரும் மறுக்க இயலாத இறுதித் தீர்ப்புநாள் போன்றது என்னும் பொருளில் அவ்வேட்டுக்கு அப்பெயர் வந்தது. யார்க் துணிவணிகர் நடித்த நாடகமும் அத்தீர்ப்புநாள் பற்றியதே.

காப்பாளர் சுமை

விதியும் அறிக்கையும் உள்ளமையால் மட்டும் சிக்கல் தீர்ந்துவிடவில்லை. சங்கத்தின் அலுவலர் ஊதியம் பெறாத தன்னார்வலர். கிளைகள் பலவற்றிற்குச் சொந்தக் கட்டடம் இல்லை. அத்தகைய கிளைகளில் பெட்டிகளும் கூடாரங்களும் உறுப்பினர் வீட்டு வண்டிக் கொட்டகையிலோ வாடகைக் கிடங்கிலோ தங்குகின்றன. முடியைச் சூடுவோருக்குப் புகழுண்டு. ஈரமான கூடாரத்தை விழா முடிந்த மறுநாள் உலர்த்துவோருக்கு அத்தகைய விழா இல்லை. காப்பாளர் ஊர் மாறினால், நோயுற்றால், சங்கத்தோடு மனக்கசப்புக் கொண்டால், பொருள் அவரிடமிருந்து மீள்வது கடினமாகும். அவர் கவர்ந்தார் எனவும் கூற இயலாது. குழு மறந்தது எனவும் கூற இயலாது. இரண்டிற்கும் இடைப்பட்ட இந்நிலையிலேதான் பொதுப்பொருள் மிகுதியும் அழிகிறது.

1972 முதல் பென்சில்வேனியாவில் ஆண்டுதோறும் நடைபெறும் 'பென்சிக்' என்னும் பெருங்கூட்டம் கொரோனா பெருந்தொற்றினால் 2020, 2021 ஆகிய ஆண்டுகளில் நடைபெறவில்லை. கூட்டம் கூடாத காலத்திலும் பொருள்கள் இடத்தை அடைத்துக்கொண்டே இருக்கும். விழாக்கள் நடைபெறும்போது பொருள் அடிக்கடி எண்ணப்படுகிறது. விழா நின்றபோது எண்ணுவாரும் இல்லை. நாரிச்சில் தேர் அழிந்ததும் குழு கூடாத ஆண்டுகளிலேயே என்பது இங்கு நினைக்கத்தக்கது. பொதுப்பொருளுக்கு மிகுந்த இடர் விழா நாளில் இல்லை. விழாக்களுக்கு இடைப்பட்ட மௌனத்திலேயே உள்ளது.

யார்க் நகரில் இந்நாடகங்கள் 1951இல் மீண்டும் நிகழ்த்தப்பட்டன. 1998 முதல் நகரின் குழுக்களே மேடைத்தேர்களில் அவற்றை நிகழ்த்தி வருகின்றன. துணிவணிகர் குழுவின் வழிவந்த அமைப்பு மீண்டும் இறுதித் தீர்ப்பை ஏற்றுள்ளது. 1433ஆம் ஆண்டுத் தேரின் ஒரு பலகையும் இன்று இல்லை. ஆயினும் அத்தேர் எவ்வாறு இருந்தது என்பதனை அறிந்து மீட்டெடுக்க முடிந்தமைக்கு அப்பொறுப்பாளர்களுக்கு எழுதித் தரப்பட்ட பட்டியலே முதற்காரணம். அவர்கள் வருங்கால ஆய்வாளர்க்காக அதனை எழுதவில்லை. அடுத்த ஆண்டுப் பொறுப்பாளரிடம் ஒன்பது சிறு தேவதூதரும் ஒரு கயிறும் குறையாமல் சேர வேண்டும் என்பதற்காகவே எழுதினர்.

முடிவுரை

இக்கட்டுரையின் வழிப் பெறப்படும் முடிவுகள் பின்வருமாறு அமைகின்றன.

1. மீள்நிகழ்த்துக் குழு ஒன்று நிலைபெறுவதற்குச் செல்வத்தினும் பொதுச்செல்வமே இன்றியமையாதது. எக்ளிண்டன் போட்டி செல்வம் மிக்கதாயினும் தொடரவில்லை. யார்க் நாடகம் இரு நூற்றாண்டுகள் தொடர்ந்தது.

2. பொதுப்பொருள் நிலைக்கப் பட்டியல், ஒன்றுக்கு மேற்பட்ட பொறுப்பாளர், செலவு ஏற்கப்பட்ட இருப்பிடம் என்னும் மூன்றும் ஒருங்கே வேண்டும். நாரிச்சில் பட்டியல் இருந்தும் இருப்பிடச் செலவை ஏற்பார் இன்மையால் தேர் அழிந்தது.

3. பொருளை ஆளின் பெயரால் அல்லாமல் வேடம் அல்லது பதவியின் பெயரால் பதிவு செய்வது உரிமைக் குழப்பத்தைத் தவிர்க்கிறது. யார்க் பட்டியலும் இன்றைய சங்கமும் இவ்வகையில் ஒத்துள்ளன.

4. மீள்நிகழ்த்துக் குழுக்கள் இடைக்காலத்தின் முடியையும் வாளையும் அறிந்தே பின்பற்றுகின்றன. அவற்றினும் உண்மையாக அவை பின்பற்றுவது இடைக்கால நகரத்தாரின் ஒப்படைப்பு முறையையே ஆகும்.

5. காப்பாளரின் உழைப்பு நிகழ்வின் பகுதியாகக் கருதப்பட வேண்டும். கிடங்கு வாடகையும் பழுதுபார்க்கும் செலவும் விழாச் செலவிலேயே அடங்குதல் வேண்டும். கூட்டம் கூடாத ஆண்டிலும் பொருள் எண்ணப்படுதல் வேண்டும்.

தமிழ் நிகழ்த்துகலைகளை ஆராய்வோரும் கலைஞரையும் கதையையும் பதிவு செய்வதோடு அமையாது, ஆட்டம் முடிந்தபின் அணிகலனும் முகவீணையும் எவர் வீட்டுக்குச் செல்கின்றன, எக்கணக்கில் எழுதப்படுகின்றன என்பதனையும் பதிவு செய்வாராயின், அக்கலைகள் நிலைத்தமைக்கும் மறைந்தமைக்கும் உரிய காரணங்கள் மேலும் தெளிவாகும்.